பதினேழு திருத்தங்களும் ஒரு மண் கறையும்

பச்சை மல்லாட்டையை உரித்த கையோடு புத்தகத்தைத் தொட்டால், தாளின் ஓரத்தில் முதலில் ஈரமாக ஒரு விரல் தெரியும். காய்ந்ததும் அது பழுப்பாகி, மூக்கருகே கொண்டுபோனால் மழை விட்ட கொல்லையின் வாசனை வரும். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் ‘மல்லாட்டை’ என்போம். அது விளையும் மானாவாரி நிலம் ‘கொல்லை’. ஆறாம் வகுப்பில் நான் எடுத்து வந்த நூலகப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அந்த விரல் இருந்திருக்கும். அதற்காக யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டது பென்சிலுக்காக.

எங்கள் ஊரிலிருந்து கூட்டேரிப்பட்டுக்குப் போகும் சாலையில் அரை மணி நேரம் நடந்தால் ஒரு சிறிய கிளை நூலகம் வரும். அதில் கீழ்த்தட்டு முழுவதும் விவசாயம், பதினான்கு புத்தகங்கள். நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது அந்த வருடம்தான் என்பதால் எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் பிறந்ததிலிருந்து பார்த்த வேலையைப் பற்றி அச்சில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று அத்தனை ஆசையாக அவற்றை எடுத்தேன். எடுத்த ஒவ்வொன்றும் எரிச்சலூட்டியது.

அவற்றில் வரும் விவசாயி எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பார், சட்டையில் அழுக்கே இருக்காது. அவர் மனைவிக்கு ஒரே வேலை, மதியம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு வருவது. எங்கள் வீட்டில் அப்பா காலைப் பேருந்தில் திண்டிவனத்து அரிசி ஆலைக்குப் போய்விட, விதைப்பதிலிருந்து காய் ஆய்வது வரை கொல்லையில் நின்றது அம்மாதான். எல்லாவற்றிலும் மோசமானது, பெரிய எழுத்தும் வண்ணப் படங்களுமாகச் சிறுவர்களுக்கென்றே போட்ட ஒரு புத்தகம். அதில் ஏரில் பூட்டிய மாட்டுக்கு நுகத்தடி திமிலுக்குப் பின்னால் இருந்தது. கேப்பைக் கதிர் நெற்கதிரைப் போல வளைந்து தொங்கியது. மல்லாட்டையோ, மிளகாய் மாதிரி கிளை கிளையாகக் காய்த்துக் குலுங்கியது.

பொறுக்க முடியாமல் பென்சிலை எடுத்தேன். அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்து, எண் போட்டு, ஓரத்தில் குண்டு எழுத்தில் திருத்தினேன். மொத்தம் பதினேழு. யாரோ நன்றி சொல்லப்போகிறார்கள் என்ற நினைப்போடுதான் திருப்பிக் கொடுத்தேன்.

நூலகர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். என் உறுப்பினர் அட்டையை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். வீட்டிலிருந்து ஆள் வந்தால்தான் பேச்சு, இல்லையென்றால் அட்டை ரத்து என்றார். அந்த அட்டை போனால் எனக்குப் படிக்கப் பாடப்புத்தகமும் பொட்டலம் மடித்த தாளும்தான் மிச்சம். அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

மல்லாட்டை பிடுங்கும் வாரம் அது. கூலிக்கு வந்தவர்களைக் கொல்லையிலேயே விட்டுவிட்டு, மாட்டுக்கென்று கட்டிய மல்லாட்டைக் கொடிக் கட்டை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு, வழி நெடுக என்னைத் திட்டியபடியே அம்மா வந்தார். கட்டை நூலக வாசலில் போட்டார்.

“ஏம்மா, உங்க பொண்ணு பண்ண வேலையப் பாருங்க. பதினேழு எடத்துல கிறுக்கி வச்சிக்கீது” என்றார் நூலகர்.

“இன்னா எழுதிக்கீதுன்னு படிங்க சார். எனக்குப் படிக்க வராது.”

அவர் வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினார். “‘நுகத்தடி திமிலுக்கு முன்னால்தான் இருக்கும்.’”

“செரிதானே? பின்னால வச்சா மாடு எதுல இழுக்கும், வாலுலயா?”

“‘விவசாயியின் மனைவி சோறு கொண்டு வருவதோடு போய்விட மாட்டார்.’”

“அத நல்லா அழுத்தி எழுதச் சொல்லுங்க.”

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, அம்மா ஒவ்வொன்றுக்கும் “செரிதான்” என்று சொல்லிக்கொண்டே வர, என் அழுகை நின்று கழுத்து நிமிரத் தொடங்கியது. அப்போதுதான் பன்னிரண்டாவது வந்தது. பூ வாடிய பிறகு அதன் அடியிலிருந்து காம்பு ஒன்று நீண்டு மண்ணுக்குள் இறங்கி, நுனியில் காய் பிடிக்கும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. அதை அடித்துவிட்டு நான் எழுதியிருந்தது: “தவறு. காய் வேரில்தான் காய்க்கும்.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “இன்னாடி எழுதி வச்சிக்கிற?”

அவர் வாசலுக்குப் போய், கட்டிலிருந்து ஒரு செடியை உருவி வந்து, விரித்திருந்த புத்தகத்தின் மேலேயே போட்டார்.

“அய்யய்யோ, புத்தகம்மா!” என்று நூலகர் எழுந்தே விட்டார்.

அம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. “தோ பாரு. இது வேரா? பூ உட்ட எடத்துலருந்து ஊசி எறங்கிக்கீது. ஊசி மொனையிலதான் காய். நாலு வருசமா எங்கூட குந்திக்கினு காய் ஆயுறியே, வாயில போட்டுக்கினதத் தவிர ஒரு வாட்டியாவது கண்ணால பாத்தியா?”

பார்த்தேன். தண்டிலிருந்து கிளம்பி, மண்ணைத் தொடாமலே நின்றுபோன ஒரு ஊசி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே செடியைப் பற்றி, எழுதியவர் சரியாக எழுதியிருந்தார். படம் போட்டவர் தப்பாகப் போட்டிருந்தார். நான் இரண்டு பேரையும் சேர்த்துத் திருத்தியிருந்தேன்.

பதினேழையும் அழிக்க வேண்டும் என்றார் நூலகர். தப்பானதை மட்டும் அழித்தால் போதாதா, சரியாக இருப்பதை எதற்கு அழிக்க வேண்டும் என்று அம்மா கேட்டார். புத்தகத்தில் எழுதுவதே தப்பு என்றார் அவர். “புத்தகம் போட்டவரு தப்பா எழுதலாம், எம்பொண்ணு செரியா எழுதக் கூடாதா?” என்று அம்மா குரலை உயர்த்த, கடைசியில் நூலகரே ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, சரியான பதினாறையும் இதில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். கூலியாட்கள் காத்திருக்கிறார்கள் என்று அம்மா தலைமேல் நின்று அவசரப்படுத்த, அழித்தேன், எழுதினேன், அட்டையை வாங்கிக்கொண்டேன். செடி கிடந்த இடத்து மண் மட்டும் அழியவில்லை. ரப்பர் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அது தாளுக்குள் இறங்கியது.

இப்போது விழுப்புரத்தில் இருக்கிறேன். சென்ற மாதம் தங்கையின் பேத்திக்காக ஒரு கடையில் பண்ணையைப் பற்றிய சிறுவர் புத்தகம் வாங்கினேன். வழவழப்பான தாள், நல்ல அச்சு. மல்லாட்டை இன்னமும் கிளையில்தான் குலுங்குகிறது. எங்கள் பக்கத்தில் எங்குமே இல்லாத சிவப்பு மரக்கொட்டகை ஒன்று வேறு. கடைக்காரரிடம் காட்டினேன். “கொழந்தைங்க புக்குதானே மேடம், இதுக்குப் போயி பேஜாரு பண்றீங்களே” என்றார். குழந்தைகள் புத்தகம் என்பதால்தான் கேட்கிறேன் என்று சொல்வதற்குள் அடுத்தவருக்குப் பில் போடத் திரும்பிவிட்டார்.

அந்த எரிச்சலோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பழைய கிளை நூலகத்துக்குப் போனேன். கட்டடம் புதிது. கீழ்த்தட்டில் போட்டித் தேர்வுப் புத்தகங்கள் இருந்தன. நைந்த புத்தகங்களை எல்லாம் எப்போதோ கழித்துவிட்டார்களாம். என் பதினாறு திருத்தங்களும் அவற்றோடு எடைக்குப் போயிருக்கும். தம்பி பார்க்கும் எங்கள் கொல்லையில் இப்போது காயை இயந்திரம் உதிர்க்கிறது. இதைக் கேட்டால் “அப்பாடா” என்றிருப்பார் அம்மா, அவர் இல்லை.

வீட்டுக்கு வந்து, என் காசில் வாங்கியதுதானே என்று புதுப் புத்தகத்தை விரித்து, அடிக்கோலும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்: வேர்க்கடலை, செடியின் வேரில் காய்க்கிறது.

நாற்பது வருடங்களுக்கு முன் நான் எழுதி, அம்மா முன்னால் நின்று அழித்த அதே வரி. ஓரத்தில் எண் போட்டு “தவறு” என்று எழுதினேன், காரணத்தையும் எழுதினேன். அழிக்கச் சொல்ல யாரும் இல்லை. அந்தப் பக்கம் மிகவும் சுத்தமாக இருந்தது.