வில்ஃபின் நாற்காலி விட்ட மூச்சு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. ஈனிட் சக்டன் இன்றும் ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். அவள் சொன்னதில் நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை. அன்று கூட இருந்த, கேஸ் சாதனங்களைப் பழுதுபார்க்கும் க்ரெய்கும் இதையேதான் சொல்கிறான்.

ஈனிட்டும் அவள் அண்ணன் வில்ஃபும் கல்யாணமே செய்துகொள்ளாமல், ஒரே வீட்டில் சண்டை போட்டபடி வயதானவர்கள். முன்னறையில் குளிர்காயப் புகைபோக்கி இல்லாத கேஸ் கணப்பு. அந்த மாதிரிக் கணப்பு அறைக் காற்றை எடுத்துத்தான் எரியும். அதற்காகச் சுவரில் ஒரு துளை எப்போதும் திறந்திருக்க வேண்டும், அடைத்தால் அறையில் விஷவாயு சேரும். அந்தத் துளைக் காற்று ஈனிட்டின் கழுத்தில் ஊசியாய் இறங்கும். பழைய துண்டைச் சுருட்டி அடைப்பாள். வில்ஃப் பிடுங்கி எறிவார்.

“மூச்சு விடத்தான் அந்த ஓட்டை, ஈனிட்.”

“தெருவுக்கெல்லாம் சேர்த்துக் கணப்பு மூட்டறியாக்கும். பெரிய பிரபு.”

வருஷா வருஷம் செய்ய வேண்டிய சர்வீஸையும் அவள் தள்ளிப்போட்டாள். பிப்ரவரியில் ஒரு காலை அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, கணப்பு எரிந்துகொண்டிருந்தது. வில்ஃப் நாற்காலியில் சாய்ந்தபடி விறைத்துக் கிடந்தார். துளையில் துண்டு இருந்தது. தூங்கப் போகும்முன் அடைத்தது அவள்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கணப்பை அணைத்தாள், துண்டை உருவிக் குப்பையில் போட்டாள், ஜன்னலைத் திறந்தாள். இதயம் நின்றுவிட்டது என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எதையும் தோண்டிக் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நவம்பரில் குளிர் தாங்காமல் க்ரெய்கை வரவழைத்தாள். அவன் கணப்பிலிருந்த செயற்கைக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாய் எடுத்துத் துடைத்தான். பர்னரில் சேர்ந்திருந்த தூசியை உறிஞ்சி எடுத்தான். விஷவாயுவைத் தீங்கில்லாததாய் மாற்றும், தேன்கூடு போல் துளைகள் உள்ள தட்டைக் கழற்றிப் பார்த்தான். வெளியே போய்ச் சுவர்த் துளையில் பிரஷ் விட்டுக் குடைந்தான். பிறகு பற்றவைத்தான்.

“நல்லா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல.”

ஈனிட் டீயும் இஞ்சிக் கேக்கும் கொண்டுவந்தாள். வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. க்ரெய்க் விஷவாயு மீட்டருடன் அறையைச் சுற்றினான். கணப்பின் பக்கம் பூஜ்யம். ஜன்னல் பக்கமும் பூஜ்யம். வில்ஃபின் நாற்காலியைத் தாண்டும்போது...

பீப்.

“இங்க உக்காந்து யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?”

“இல்லப்பா. யாருமே உக்கார்றதில்ல.”

உட்கார்ந்திருக்கும் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில் மீட்டரைப் பிடித்தான். எண் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது...

“மூச்சு விடற மாதிரி இருக்கே” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

கணப்பை அணைத்தான். ஜன்னலைத் திறந்தான்.

ஏறியது... இறங்கியது...

சுவர்த் துளையில் ஒரு சத்தம். ஸ்ர்ர்ர்... துணியை உள்ளே திணிப்பது போல.

க்ரெய்க் டார்ச் அடித்தான். துளை காலி.

ஸ்ர்ர்ர்...

ஈனிட் தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே... அடைச்சது நான்தான். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உருவினதும் நான்தான்.”

எண் ஏறியது.

இறங்கவில்லை.

அப்படியே நின்றது.

பிறகு... பூஜ்யம்.

க்ரெய்க் கணப்பைக் கழற்றினான். கேஸ் குழாயின் வாயை மூடினான். நாற்காலியையும் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் ஈனிட் மரண விசாரணை அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சிறைக்குக்கூடத் தயாராகத்தான் போயிருந்தாள். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ரத்தத்தை அப்பவே சோதிச்சுட்டாங்கம்மா. விஷவாயு துளிகூட இல்ல. மாரடைப்புதான். நீங்க ஒண்ணும் பண்ணல.”

பஸ்ஸில் வீடு வரும்வரை ஈனிட் அழுதாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. மாரடைப்பு என்றே இருக்கட்டும்... துண்டை ஒளித்தது அவள்தானே?

கிறிஸ்துமஸுக்கு முன் அவளுக்குத் தலைவலி தொடங்கியது. விழிக்கும்போதே குமட்டல். க்ரெய்க் வந்து மாடி, சமையலறை, பக்கத்து வீடுகள் எல்லாம் அளந்து பார்த்தான். எங்கும் ஒன்றும் இல்லை. டாக்டர் ரத்தம் எடுத்தார். அன்றைக்கே போன் வந்தது.

“ஈனிட், உங்க ரத்தத்துல விஷவாயு இருக்கு. கணப்பை அணைச்சுட்டு உடனே வெளிய வாங்க.”

“கணப்பே இல்ல டாக்டர். குழாயையும் மூடியாச்சு. கரண்ட் ஹீட்டர்தான்.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

“அப்படி இருக்க முடியாதே... இது அடைச்ச ரூம்ல விடிய விடிய கேஸ் பக்கத்துலயே உக்காந்திருந்தவங்க ரத்தம்.”