முதல் பரிசு வாங்கிய புல்தரை

செபமாலையை நினைத்தால் அந்தப் பங்களாப் புல்தரையும் கூடவே நினைவுக்கு வருகிறது. நோர்வூட்டுக்கு மேலே, நாங்கள் டேம் என்று சொல்லும் நீர்த்தேக்கத்தைப் பார்த்த பங்களா அது. அங்கே பதினெட்டு வருஷம் பூந்தோட்ட வேலை பார்த்தவர் செபமாலை. நான் அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார்.

பங்களாவின் குசினித் தண்ணீரும் கக்கூசுத் தண்ணீரும் டேம் பக்கச் சரிவில் இறங்கும். செபமாலை அங்கே மூன்று படியாகக் குழி வெட்டி, கல்லும் மணலும் போட்டு, கல்வாழையும் சேம்பும் நட்டிருந்தார். கடைசிப் படியில் தண்ணீர் நாற்றமில்லாமல் கசியும். கரைமண் சரியாமலிருக்க மானாப்புல். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்துச் செய்தது.

எழுபத்தெட்டில் தோட்ட மேனேஜராக வந்த புதுத் தொரைக்கு அது கண்ணை உறுத்தியது. பங்களாத் தோட்டப் போட்டி வருகிறது, தண்ணீர்க்கரை வரைக்கும் புல்தரை வேண்டும், சேம்பைப் பன்றிக்குப் போடு என்றார். கழிவுத் தண்ணீரை மலையின் மறுபக்கம் திருப்பச் சொன்னார். அங்கேதான் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் சனம் குடிதண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலி இருந்தது.

"அது நாங்க குடிக்கிற தண்ணிங்க தொரை," என்றார் செபமாலை.

"காய்ச்சிக் குடிங்க."

செபமாலை மம்பட்டியைத் தொடவில்லை. டவுனிலிருந்து ஆள் கொண்டுவந்து குழிகளை மூடி, மறுபக்கம் வாய்க்கால் வெட்டினார்கள். ரோஜாவுக்கு அவர் கை வேண்டியிருந்ததால் அவரை விரட்டவில்லை. இரண்டே வாரத்தில் பீலியில் சவர்க்கார நுரை வந்தது, பிறகு நாற்றம். அவர் மனைவி பவுலின் துணியில் வடிகட்டிப் பார்த்தாள். துணியும் சேர்ந்து நாறியது.

புல்தரைக்கு முதல் பரிசு. விருந்து வைத்தார்கள். அந்தப் புல்லில் நின்று கேக் தின்றவர்களில் நானும் ஒருவன். மானங்கெட்ட வாய்.

செபமாலை தட்டில் தண்ணீர்க் கிளாஸ்களோடு வந்தார். தொரைசானி ஒன்றை வாயருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்தாள்.

"சீ, என்ன தண்ணி இது?"

"லயத்துப் பீலித் தண்ணிங்க. காய்ச்சித்தான் கொண்டாந்தேன்."

பரிசு கொடுக்க வந்தவர் தன் கிளாஸை மோந்து பார்த்துவிட்டுத் தட்டில் திரும்ப வைத்துக் காருக்குப் போனார்.

மறுநாளே கழிவுத் தண்ணீர் டேம் பக்கம் திரும்பியது. பீலி தெளிய ஒரு மாதமானது. செபமாலையைத் தேயிலை மலையில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டும் வேலைக்குத் தள்ளினார்கள். குழியும் கல்வாழையும் இல்லாத சரிவில் பரிசுப் புல்தரை ஊறி நாறியது. தொரை ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். கடைசியில், அந்தக் குழிகளைத் திரும்ப வெட்டிக் கொடுக்கச் சொல்லி மலைக்கு ஆளனுப்பினார்.

"எனக்கு இங்க கான் வெட்டு இன்னும் முடியலீங்க," என்று சொல்லிவிட்டு செபமாலை குனிந்து வேலையைப் பார்த்தார்.