மடையான் கறி

எங்கள் வீட்டில் பறவை விரட்டும் வேலை எனக்கு. ஒன்பது வயது. ஒரு பழைய பிஸ்கட் தகரமும் அதைத் தட்ட ஓர் உடைமரக் குச்சியும் கொடுத்திருந்தார்கள். பள்ளி இல்லாத நாளெல்லாம் சித்தப்பாவின் இறால் குளத்துக் கரையில் அதைத் தட்டிக்கொண்டு நடப்பேன். உலகத்தில் என்னைக் கண்டு பயப்பட அந்தப் பறவைகளை விட்டால் வேறு யாரும் இல்லை என்பதால் அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் உமரிச்செடி முளைத்த சேற்றுவெளி. கடல் ஓதம் ஏறினால் முழங்கால் தண்ணீர், வடிந்தால் பளபளவென்று சேறு. அதில் பவளக்கால் உள்ளானும் கொக்கும் மடையானும் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டு நிற்கும். தை மாதத்தில் தூரத்தில் பூநாரைகள் வரிசை கட்டும். ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று ஊரில் அதற்குப் பெயர். சித்தப்பா அதைக் குத்தகைக்கு எடுத்தார். பொக்லைன் விட்டுத் தோண்டி, உயரமாகக் கரை போட்டு, மூன்று குளம் ஆக்கினார். ஓதத் தண்ணீர் வரும் ஓடை அடைபட்டது.

உள்ளான்கள் ஒரு வாரம் கரைமேல் நின்று பார்த்தன. அந்த ஆழத்தில் அவற்றுக்குக் கால் எட்டவில்லை. எங்கோ போய்விட்டன. பூநாரைகள் அந்தத் தையில் ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்காமலே போயின. கொக்கும் மடையானும் மட்டும் போகவில்லை. வேறு சேறு இல்லாததால், இருந்தவை எல்லாம் இறாலைக் கொத்த எங்கள் குளத்துக்கே வந்தன.

"களவாணிப் பயலுவ," என்பார் சித்தப்பா. நானும் நம்பினேன்.

பிறகு வடக்கே ஒரு பண்ணையில் இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் முழுக்கச் செத்து மிதந்தது. நோய் இறாலைக் கொக்கு கவ்விவந்து இங்கே போட்டால் இங்கேயும் அதே கதிதான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். என்னைச் சைக்கிளில் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது வழியெல்லாம் கதை சொல்லும் சித்தப்பா, அன்றிலிருந்து வாய் திறக்காமல் மிதித்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் அறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். சித்தப்பா கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, ஒரு வாளிச் சின்ன மீனில் ஊதா நிறத்தில் எதையோ பிசைந்துகொண்டிருந்தார். மூக்கு எரிந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வேறு யாருடையதோ போல ஆனது.

"ஏட்டி, இங்கன பாத்தத யார்ட்டயும் சொல்லப்பிடாது. சொன்னன்னு வையி, போலீஸ் வந்து சித்தப்பாவப் புடிச்சிட்டுப் போயிரும். பெறவு ஒன்னய யாரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவா?"

தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. கரையில் ஒரு கொக்கு கழுத்தைத் திருகிக்கொண்டு, இறக்கை இரண்டையும் தரையில் ஊன்றி, எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பறந்துவிடட்டும் என்று தகரத்தைத் தட்டினேன். நெருங்கி நின்று தட்டினேன். அது என்னைப் பார்த்தது. போகவில்லை. தகரத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தேன். கையைச் சோப்புப் போட்டுப் பலமுறை கழுவினேன்.

மறுநாள் ஞாயிறு. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார். காலையில் ஒரு நடை போய்விட்டு வந்தவர் கையில் இரண்டு மடையான்கள் தொங்கின.

"கரண்டு கம்பில அடிபட்டு விழுந்து கெடக்கு. சூடு கூட ஆறல," என்று அம்மாவிடம் நீட்டினார்.

எங்கள் வீட்டில் கறி என்பது அபூர்வம். அம்மா இறகு பிடுங்கி, மிளகு அரைத்து, அடுப்பில் ஏற்றினாள். மணம் தெருவரை போனது. நான் அடுப்படிக்குப் போய் நின்றேன்.

"அம்மா, அது வேண்டாம்மா."

"ஏன்?"

சொன்னால் போலீஸ். சொல்லாவிட்டால்? "நாத்தமா இருக்கு," என்றேன். அம்மா சிரித்தாள்.

சாப்பிட உட்காரும் நேரத்தில் சித்தப்பா வந்தார். கொல்லையில் கிடந்த இறகுகளைப் பார்த்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"மைனி, கறி ஏது?"

"ஒங்க அண்ணன் கொண்டாந்தாவ."

"வாலே, உக்காரு. மடையான்," என்றார் அப்பா.

"எனக்கு வயிறு சரியில்லண்ணே."

நான் சித்தப்பாவையே பார்த்தேன். அவர் சொல்லிவிடுவார், பெரியவர்களுக்குப் போலீஸ் பயம் இருக்காது என்று நினைத்தேன். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா சோறு போட்டாள். அப்பாவின் தட்டில் கறி விழுந்தது. என் தட்டில் விழுந்தது. மூன்று வயதுத் தம்பியின் தட்டில் விழுந்தது. அம்மா அவனுக்கு ஊட்ட ஒரு துண்டை எடுத்து ஊதினாள்.

நான் எழுந்து சட்டியை எட்டி உதைத்தேன். கொதிக்கும் குழம்பு என் பாதத்தில் கொட்டியது. தட்டுகளையும் தட்டிவிட்டேன். அம்மாவின் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி எறிந்தேன். தம்பி வீறிட்டான். அப்பா முதல் அடியை முதுகில் வைத்தார். இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையைச் சித்தப்பா பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டார்.

"விடுண்ணே. சின்னப்பிள்ள."

"என்னத்துக்குலே இவளுக்கு இவ்வளவு கொழுப்பு?"

"விடுங்கேன்லா!" பிறகு தரையில் கிடந்த ஒவ்வொரு துண்டையும் அவரே பொறுக்கினார். தூரத்தில் மணலில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தார். சட்டியைக் கூடக் கழுவவிடாமல் கொண்டுபோய் உடைத்தார். என்னைத் தூக்கிச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். காயத்துக்கு மருந்து போடும்வரை என் கையை விடவில்லை. அவரைப் பிடிக்கப் போலீஸ் வரவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

அதன்பின் அவர் அந்த மீனை வைக்கவில்லை. இரண்டு மாதத்தில் இறால் எப்படியும் செத்தது. பறவையால் அல்ல, விட்ட குஞ்சிலேயே நோய் இருந்ததாம். சித்தப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனார். குளம் வற்றி, உப்புப் பூத்து வெள்ளையாய்க் கிடக்கிறது. கரையை யாரும் உடைக்கவில்லை. ஓதம் வெளியே நின்று திரும்பிப் போகிறது.

அடியிலிருந்து என்னைக் காப்பாற்றியவர் சித்தப்பா என்றுதான் பல வருடங்கள் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அப்பாவின் தட்டு, என் தட்டு, தம்பியின் தட்டு என்று மூன்று தட்டு நிறையும்வரை அவர் நின்றுகொண்டிருந்தார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. நான் உதைக்காமல் இருந்திருந்தால், எந்தக் கவளத்தில் அவர் வாய் திறந்திருப்பார்?

அவரிடம் கேட்டதில்லை. பொங்கலுக்கு வரும்போது இன்றைக்கும் அவர் என் பாதத்தைப் பார்ப்பதில்லை.