அக்கா பிடித்த ஈ

இன்று காலை கறிவேப்பிலைச் செடியில் ஒரு கொள்ளைக்கார ஈ, தேனீயைக் கவ்வியபடி உட்கார்ந்திருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அக்கா இதே போல ஒன்றைப் பிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. கிறிஸ்துமஸ் விடுமுறை. விலங்கியல் படித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்காவைப் பெண் பார்க்க, எங்கள் கிழக்குத் தாம்பரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காபி கொடுத்துவிட்டு நின்றவள், ஜன்னல் வழியே எதையோ பார்த்துப் பட்டுப்புடவையோடு தோட்டத்துக்கு ஓடினாள். திரும்பியபோது கையில் ஜாம் பாட்டில். உள்ளே, தாடி வைத்த முகத்தோடு ஒரு பூச்சி முட்டி மோதியது.

“ஐயோ, குளவியா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“இல்ல ஆன்ட்டி. குளவிக்கு நாலு இறக்கை, இதுக்கு ரெண்டுதான். கொள்ளைக்கார ஈ. இது எந்த வகைன்னுதான் ஒரு மாசமா தேடிட்டிருக்கேன்.”

அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

“மானம் போச்சுடி” என்று அம்மா அழுதாள். பள்ளி ஆசிரியரான அப்பா, மாப்பிள்ளை வீட்டுப் பதிலுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து, வாரம் முழுக்க வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். அக்கா சரியாகச் சாப்பிடவேயில்லை.

புதன்கிழமை கடிதம் வந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். அப்பா படித்து மடித்துவிட்டு அக்காவிடம் வந்தார்.

“அந்த ஈ பேரு தெரிஞ்சுதாம்மா?”

“இன்னும் இல்லப்பா.”

“நாளைக்கு எழும்பூர் மியூசியத்துல கேட்டுப் பாக்கலாம். கிளம்பி இரு.”

மூவரும் மின்சார ரயிலில் போனோம். அங்கே பூச்சிப் பிரிவில் இருந்தவர் சொன்ன நீளமான பெயரை அக்கா ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

இன்று எனக்கு அந்தப் பெயர் நினைவில்லை. கறிவேப்பிலைச் செடியிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்காவுக்கு போன் போட்டேன்.