ஏரிப்பக்கம் திரும்பிய வண்டி

அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் செய்பவள் ட்வைலா. கோடை விடுமுறை வந்துவிட்டால் மொத்தக் குடும்பமும் அவள் முகத்தைத்தான் பார்க்கும். எந்த ஏரிக்கரையில், எந்த மலையடியில் கேரவன் என்கிற வீட்டு வண்டியை நிறுத்துவது என்பதில் அவள் வைத்ததுதான் சட்டம். அவளுடைய அக்கா ஆர்டிஸுக்கு இதில் அடங்காத பெருமை. தேவாலயத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், பல் மருத்துவரின் வாசலில் காத்திருந்தவர் என்று தங்கையின் சாமர்த்தியத்தைக் கேட்காமல் அவளிடமிருந்து தப்பியவர்கள் ஊரில் குறைவு.

முகாம்களின் படங்களை ட்வைலா நம்ப மாட்டாள். படம் எடுக்கிறவன் குப்பைத் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் எடுப்பான் என்பாள். அதனால் தொலைபேசியில் கூப்பிடுவாள். முன்பதிவு அலுவலகத்தை அல்ல. கோடை முழுவதும் தன் சொந்த வண்டியோடு முகாமிலேயே தங்கி, வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் காப்பாளரை. சாயங்காலக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், குழந்தைகள் முழங்கால் தண்ணீரில் எவ்வளவு தூரம் நடக்கலாம், கழிப்பறை விளக்கு எந்த வண்டியின் ஜன்னலில் அடிக்கும், சரக்கு ரயில் எந்நேரம் ஊதும் என்று கேட்டுக்கொண்டே போவாள். ஒரு காப்பாளர் பொறுமை இழந்து, முகாமை விலைக்கு வாங்கப் போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்.

ஆனால் இந்தக் கோடையைப் போல அவளைத் திணறடித்த கோடை இல்லை. காரணம் அவள் கணவன் மெர்ல்.

மெர்ல் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். ஊர் உலகமெல்லாம் சுற்றுலா போகிற ஜூலையில்தான் கோதுமை அறுவடையாகி லாரி லாரியாக வந்து இறங்கும். அதனால் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, பேரப்பிள்ளைகளும் வந்த பிறகுகூட அவன் ஒரு பயணத்துக்கும் வந்ததில்லை. அக்காவும் தங்கையுமே பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு போய் வருவார்கள். இப்போது அவன் வேலையை விட்டுவிட்டான். வேலைதான் அவனை விடவில்லை. கிடங்கின் தானியத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. மூக்கில் குழாய், காலடியில் ஆக்ஸிஜன் மெஷின். மலைகளைப் பார்க்க வேண்டும் என்று அவனாகச் சொன்னது இந்த வருஷம்தான். அடுத்த வருஷம் வர முடியுமா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மெஷினுக்கு ராத்திரி முழுக்கக் கரண்ட் வேண்டும். அழகான முகாம்களில் கரண்ட் இருக்காது. கரண்ட் இருக்கிற முகாம்கள் நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தம் மாதிரி இருக்கும். ரொம்ப உயரமாகப் போனால் மூச்சு முட்டும். விறகுப் புகை ஆகாது. ஆனால் நெருப்பு மூட்டி மார்ஷ்மெல்லோ மிட்டாய் சுடாவிட்டால் பேரப்பிள்ளைகள் அதை முகாம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆக, மெர்ல் வண்டிக்குள் இருந்தபடியே மலையைப் பார்க்க வேண்டும்.

குளிர்காலம் முழுக்கத் தேடி, பக்கத்து மாநிலமான வயோமிங்கில் ஒரு சின்ன அணைக்கட்டின் பக்கத்தில் இருக்கும் முகாமைப் பிடித்தாள். அணை இருப்பதால் கரண்ட் உண்டு. உயரம் மிதம். ஏரிக்கு அந்தப் பக்கம் மலைத்தொடர். முன்பதிவு திறந்த அன்று காலையிலேயே தண்ணீரை ஒட்டிய இடத்தைப் பதிவு செய்துவிட்டாள். அதற்குப் பிறகு தங்க இன்னும் இரண்டு முகாம்களிலும் இடம் பிடித்தாள். ஆர்டிஸ் அன்று அதைச் சொல்வதற்கென்றே கடைவீதிக்குப் போனாள்.

போய்ச் சேர்ந்தபோது மலையெல்லாம் மேகத்துக்குள் இருந்தது. ட்வைலா தங்கள் இடத்தைப் பார்த்ததும் இஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் இதுவரை வைத்திருந்தது இழுத்துப்போகிற கேரவன். அதன் பின்பக்கம் பெரிய ஜன்னல். வண்டியைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினால் ஏரி ஜன்னலுக்குள் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் ஏரி பின்னால் வருகிற இடமாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஆனால் மெர்லுக்காக வசந்தத்தில் அதை விற்றுவிட்டு, ஓடும்போதும் மெஷின் போடக்கூடிய பஸ் மாதிரியான ஒரு வண்டியை வாங்கியிருந்தார்கள். இதற்குப் பின்பக்கம் வெறும் சுவர். கண்ணாடியெல்லாம் முன்னால். பின்னுக்குத் தள்ளி நிறுத்தினால் மெர்லுக்குத் தெரியப்போவது பாதையும் குப்பைத் தொட்டியும்தான். நேராக உள்ளே விட்டாலோ வண்டியின் வயர் கரண்ட் பெட்டிக்கு எட்டாது.

"எத்தனை பேரைக் கேள்வி கேட்டு உயிரை எடுத்தேன். எங்கிட்ட நான் ஒண்ணு கேட்டிருக்கலாம்ல, ஆர்டிஸ்," என்றாள் ட்வைலா.

மெர்ல் குழாயைச் சரிசெய்துகொண்டான். "விடு கண்ணு. நல்ல குப்பைத் தொட்டிதான். பெயின்ட் புதுசு."



காப்பாளர் வெண்டல் தன் குட்டி பேட்டரி வண்டியில் வந்தார். நீளமான மனிதர், மீசையும் அப்படியே. இங்கே எல்லோரும் பின்பக்கமாகத்தான் நிறுத்த வேண்டும், விதி என்றார். வேறு இடமும் காலியில்லை என்றார். ட்வைலா கணவனின் நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மெர்லுக்குப் பிடிக்காது. விதி எதற்காக என்று மட்டும் கேட்டாள். வயர் நடைபாதையில் கிடந்து யாராவது தடுக்கி விழக்கூடாது என்பதற்காக என்றார். அவள் சரளைக்கல்லில் மண்டியிட்டு, நீளமான வயர் ஒன்று இருந்தால் அதை வண்டியின் வயிற்றுக்கு அடியிலேயே கொண்டுபோய்விடலாம், யார் காலிலும் படாது என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள். அவர் மீசையைத் தடவினாரே ஒழிய அசையவில்லை.

ஆர்டிஸ் அதற்குள் முகாமை ஒரு சுற்று பார்த்துவிட்டாள்.

"ஐயா, அந்த மரத்தடியில நிக்கிற பச்சை வண்டி யாரோடது?"

"என்னோடதுதாம்மா."

"அதோட மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கு?"

வெண்டல் திரும்பிப் பார்த்தார், தன் வண்டியை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பவர் மாதிரி. அது ஏரியைப் பார்த்து நின்றது.

"என் பொண்டாட்டி பண்ண வேலைம்மா," என்றார் கடைசியில். "அவகிட்ட விதி பேசிப் பாத்தேன். எடுபடல."

"அப்போ உங்ககிட்ட நீளமான வயரும் இருக்கணுமே."

இருந்தது. ஒன்றல்ல, அவர் கொட்டகையில் மூன்று. கூடவே முன்னே, பின்னே என்று கையசைத்து வழிகாட்டி, வண்டியை நேராக உள்ளே விடச் செய்து, அவரே வண்டிக்கு அடியில் படுத்து வயரை இழுத்துக் கொடுத்தார். மெஷின் புஸ் புஸ்ஸென்று கரண்டில் ஓடத் தொடங்கியதும்தான் ட்வைலாவின் தோள் தளர்ந்தது. அன்று முழுக்க மேகம் விலகவில்லை. பேரப்பிள்ளைகள் புகை வண்டிப்பக்கம் வராதபடி தள்ளி நெருப்பு மூட்டி, சுட்டதை மெர்லுக்கு ஜன்னல் வழியே நீட்டினார்கள்.

மறுநாள் காலை காபி போட எழுந்த ஆர்டிஸ், மெர்ல் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். திரையை விலக்கியிருந்தான். வெளியே ஒரே வெள்ளை, வேறு ஒன்றுமில்லை. பிறகு அந்த ஒன்றுமில்லாததின் நடுவில், நினைத்ததைவிட எவ்வளவோ உயரத்தில், ஒரு துண்டு பாறை தணல் மாதிரி சிவந்து தெரிந்தது. கீழே தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் மிதந்தது. பக்கத்தில் இன்னொன்று. பின்னும் ஒன்று. மேகம் கரையக் கரைய எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மலைச்சுவர் நின்றது. பனிக் கோடுகளில் வெளிச்சம் வழிந்து இறங்கியது. பிறகு ஏரி அசைவற்றுப்போய், அதே மலை தலைகீழாகக் கண்ணாடிக்கு நேர் கீழே வந்து படுத்துக்கொண்டது.

ஆர்டிஸ் எத்தனையோ மலைகளைப் பார்த்தவள். இருந்தும் கையில் பிடித்த காபிப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிள்ளைகள் போர்வையோடு வந்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். மெஷினின் மூச்சு மட்டும் கேட்டது. ட்வைலா மலையைப் பார்க்கவில்லை, மெர்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு வருஷமும் வந்து சொல்லுவே," என்றான் மெர்ல், திரும்பாமலே. "நான் சாப்பிட்டுக்கிட்டே தலையாட்டுவேன்."

"சொல்லத் தெரியல எனக்கு."

"இல்ல. இதை யாரும் சொல்ல முடியாது." மூச்சு வாங்க நிறுத்தினான். "நாளைக்கு வேற முகாமுக்குப் போறோமா?"

"ஆமா. இன்னும் ரெண்டு எடம் போட்டு வச்சிருக்கேன். நல்ல எடம், மெர்ல்."

"எனக்கு இது போதும்."

குளிர்காலம் முழுக்கத் தேடிப் பிடித்த இடங்கள் அவை. ட்வைலா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சரி என்றாள். ஓட்டுநர் இருக்கையில், அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்புறம்தான் மலையைப் பார்த்தாள்.