அடுப்போரத்து ஐஸ்

இலங்கை மலைநாட்டு டயகமப் பக்கத்தில் சுதாகரனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் அவன் காலைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி வந்து நிற்பான். என்ன ஏது என்று கேட்பதற்குள் போயே விடுவான். நாற்பத்திரண்டு வயதுக்குள் அவன் பார்த்த வேலைகளை எண்ண இரண்டு கை போதாது. கொழும்பில் புடவைக் கடை, அப்புறம் சாப்பாட்டுக் கடை, ஹட்டனில் மரக்கறி லொறி, தேயிலைத் தொழிற்சாலையில் எட்டு மாதம், நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் தோட்டத்தில் ஐந்தே வாரம். எங்கேயும் அவனை யாரும் போகச் சொன்னதில்லை. அடுத்த வேலை இதைவிட நல்லது என்று அவனுக்குத் தோன்றிவிடும். தோன்றிவிட்டால் அப்புறம் அவனைப் பிடித்துக் கட்டிவைக்க முடியாது.

ஐந்து வருடத்துக்கு முன் அவன் மனைவி ஜீவராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மகள் லோஜினிக்கு அப்போது எட்டு வயது. பிள்ளையை விட்டுவிட்டு வெளியூர் போக முடியாததால் அவன் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே இருந்தான். இருந்தான் என்பது பேச்சுக்குத்தான். விடிந்தால் லீக்ஸ் மரக்கறிப் பாத்தியில் கூலிக்கு நிற்பான், மத்தியானம் ஓடி வந்து கேஸ் அடுப்பில் சோறு வைப்பான், சாயங்காலம் யார் வீட்டுத் தகரக் கூரையிலாவது ஆணி அடித்துக்கொண்டிருப்பான்.

பெப்ரவரியில் ஜீவராணி போனில் சொன்னாள், மார்ச் மாதம் ஒரு மாத லீவில் வருகிறாளாம். திரும்பிப் போக டிக்கெட்டையும் வேலை பார்க்கும் வீட்டு மேடமே எடுத்துவிட்டாளாம்.

"திரும்பிப் போகத்தான் வேணுமா?" என்று கேட்டான்.

"இங்க மாசம் பொறந்தா சம்பளம் வருது. ஒங்களுக்கு மாசம் பொறந்தா புது வேல வருது. ஒரே எடத்துல நிலையா நின்னு காட்டுங்க, நான் போகல."

சண்டைக்குச் சொன்னது போலத் தெரியவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த மாதம் வெயில் கொளுத்தியது. மலைநாட்டு வெயில் ஒரு விசித்திரம். பகலில் மண்டையைப் பிளக்கும், பொழுது சாய்ந்தால் பல் தந்தியடிக்கும், விடிந்தால் புல்லில் வெள்ளைப் பனி உறைந்திருக்கும். பகல் வெயிலுக்கு மைதானத்தில் பிள்ளைகள் கலர்த் தண்ணி ஐஸ் பாக்கெட்டைக் கடித்துச் சப்பிக்கொண்டிருந்ததை சுதாகரன் பார்த்தான். ஹட்டன் பஸ் நிலையத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கும் அன்னாசித் துண்டு அவனுக்கு நினைவு வந்தது. இரண்டையும் சேர்த்தால் என்ன?

சேர்த்துப் பார்த்தான். அன்னாசியைச் சீவி, பாதியாக வெட்டி, கீற்றுக் கீற்றாகக் கீறி, ஒவ்வொன்றையும் மூங்கில் குச்சியில் குத்தினான். இடித்த காய்ந்த மிளகாய், உப்பு, கொஞ்சம் சீனி, புளிப்புக்குத் தேசிக்காய்ச் சாறு எல்லாவற்றையும் குழைத்துப் பூசினான். ஜீவராணி அனுப்பிய காசில் வாங்கிய பழைய பிரிட்ஜின் ஐஸ் தட்டில் காலையில் பத்துக் குச்சி வைத்தான், பள்ளிக்கூடம் விட்டு லோஜினி வரும்போது கல்லாகியிருந்தது. அவள் ஒரு கடி கடித்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது.

"அப்பா, இன்னொன்னு!"

அவ்வளவுதான். மறுநாளே பள்ளி அதிபர் சுகிர்தம் டீச்சர் முன்னால் போய் நின்றான். பள்ளிக்கூடத்துக் கன்டீன் ஜனவரியிலிருந்து பூட்டிக் கிடந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "சுதாகரன், நீங்க ஓடுற ஆளுன்னு பள்ளி அபிவிருத்திச் சங்கத்துல எல்லாருக்கும் தெரியும். ஒண்ணு செய்ங்க. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியன்னிக்குக் காலையில ஒம்பது மணிக்கு நூறு குச்சி கொண்டாங்க. சொன்னது சொன்ன நேரத்துக்கு வந்தா கன்டீனப் பத்திப் பேசுவோம்."

போட்டி ஒரு வெள்ளிக்கிழமை. ஜீவராணி வருவது அதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை. கன்டீன் கிடைத்துவிட்டால் அவளுக்குக் காட்ட ஒரு நிலையான வேலை கையில் இருக்கும். அவன் மனதுக்குள் ஏற்கெனவே கன்டீனுக்குப் பெயின்ட் அடித்துவிட்டான்.

காலை ஒன்பதுக்கு வேண்டுமென்றால் முதல்நாள் சாயங்காலமே வைத்தாக வேண்டும். ஒத்திகைக்கு நாற்பது குச்சி செய்து சாயங்காலம் அடுக்கினான். விடிந்து திறந்தால் எல்லாம் கொழகொழவென்று சாறு ஒழுக்கிக்கொண்டு படுத்திருந்தன.

உப்புதான் காரணம் என்று முடிவு செய்தான். உப்பு கூடினால் ஐஸ் பிடிக்காது என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். உப்பைக் குறைத்தான். ருசி போனது, ஐஸ் பிடிக்கவில்லை.

"உப்பு இல்லப்பா, நீங்கதான்" என்றாள் லோஜினி. "தூங்கப் போறதுக்குள்ள பத்து வாட்டி தொறந்து தொறந்து பாக்குறீங்க. அப்புறம் எப்படிப் புடிக்கும்?" பதறிய காரியம் சிதறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையும் சொல்லிக் காட்டினாள். கொடிக்கயிற்றைக் கொண்டுவந்து பிரிட்ஜைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அன்று இரவு அவன் கயிற்றைப் பார்த்தபடியே புரண்டு புரண்டு படுத்தான், ஆனால் தொடவில்லை. காலையில் முன்னைவிட மோசமாக இருந்தது.

அப்படியென்றால் பிரிட்ஜில்தான் கோளாறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தெரிந்த மரக்கறி லொறியில் அதை ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானும் பின்னால் நின்று ஹட்டன் வரை போனான். ரிப்பேர் கடைக்காரர் ஒரு ராத்திரி கடையில் வைத்திருந்து, ஒரு பேசின் தண்ணீரைப் பாறையாக்கிக் காட்டினார்.

"இதுல ஒரு கொறையும் இல்ல. வீட்டுக்குக் கொண்டு போங்க."

கொண்டுவந்தான். அன்று சாயங்காலமே வைத்துப் பார்த்தான். மறுபடியும் கொழகொழ.

"என்ன சுதா, பிரிட்ஜுக்கு ஹட்டன சுத்திக் காட்டுனீங்களா?" என்று லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அழகம்மா கேட்டாள். சிரிக்கிற நிலையில் அவன் இல்லை. ஊரில் ஒருத்தருக்கும் வராத சோதனை தனக்கு மட்டும் ஏன் வருகிறது என்று ஆத்திரமாக வந்தது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு கொழும்புக்கே பஸ் ஏறலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதும் பயந்துபோனான். ஜீவராணி சொன்னது இதைத்தானே?

புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அவள் வந்து இறங்கினாள். லோஜினியைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுது முடிப்பதற்குள் நடுங்க ஆரம்பித்தாள். ஐந்து வருடம் பாலைவனச் சூட்டில் இருந்த உடம்பு.

"என்னங்க இந்தக் குளுரு! நம்ம ஊரு இப்படியா இருந்திச்சு?"

நேராகக் குசினிக்குப் போனாள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பழைய விறகடுப்பு. அதன் மேல் அன்னாசிக் கூடை உட்கார்ந்திருந்தது.

"அடுப்புல அன்னாசியா? கடைசியா இத எப்பங்க பத்த வச்சீங்க?"

"நீ போனதுக்கப்புறம் கேஸ்லதான்" என்று இழுத்தான்.

அவள் கூடையைக் கீழே இறக்கினாள். அழகம்மாவிடம் காய்ந்த தேயிலைக் கிளையான மிலாறு ஒரு கட்டு வாங்கி வந்து தீ மூட்டினாள். ஐந்து வருடத்துச் சாம்பல் பறந்தது. சாப்பிட்ட பிறகும் அணைக்க விடவில்லை. ஒரு பெரிய கட்டையைச் செருகிவிட்டு, மூன்று பேரும் அடுப்பைச் சுற்றியே பாய் போட்டுப் படுத்தார்கள். கடைசி முயற்சியாக அவன் வைத்த நாற்பது குச்சி பிரிட்ஜுக்குள் இருந்தது. அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

காலையில் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தான். ஒரு குச்சியை எடுத்துச் சுவரில் தட்டினான். டொக் என்றது. இன்னொன்று, அதுவும் டொக். நாற்பதும் கல்.

சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. அதே உப்பு, அதே கயிறு, அதே பெட்டி. இப்போது மட்டும் எப்படி? சுற்றிச் சுற்றி வந்தான். அப்போதுதான் அந்த உறுமல் காதில் விழுந்தது. பிரிட்ஜின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ விடியலில் இதன் முன்னால் நின்றிருக்கிறான், ஒரு நாளும் அந்தச் சத்தம் கேட்டதில்லை. குசினிக்குள் கதகதவென்றிருந்தது.

மெல்ல மெல்லப் பிடிபட்டது. சூடு பட்டால்தான் பெட்டிக்கு வேலை. இந்தக் குசினியின் ராத்திரிக் குளிரில், எல்லாம் குளிர்ந்துதானே இருக்கிறது என்று அது தூங்கிவிட்டிருக்கிறது. பகலில் வெயில் அதை எழுப்பியது, ஹட்டனில் அந்த ஊர்ச் சூடு எழுப்பியது. இங்கே ராத்திரியில் எழுப்ப ஆளில்லை, பக்கத்திலேயே அடுப்பு இருந்தும்.

ஜீவராணியை எழுப்பி மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். "நீ வந்தாத்தான் ஐஸ் புடிக்குது, பாத்தியா?"

அவள் போர்வையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். "அதுக்கு நான் எதுக்குங்க? ஒரு கட்டு மிலாறு போதுமே."

உண்மைதான். அது அவனைச் சுட்டது. இனி அவள் போனாலும் ஐஸ் பிடிக்கும். போகாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. "இன்னும் கொஞ்சம் வெறகு வெட்டிட்டு வரவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நூறு குச்சியும் ஒரு ஐஸ் பெட்டியில் மைதானத்தில் இருந்தன. வெயில் ஏற ஏறப் பிள்ளைகள் மொய்த்தார்கள். அஞ்சலோட்டம் தொடங்குவதற்குள் பெட்டி காலி. சுகிர்தம் டீச்சர் ஒரு குச்சியைக் கடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழம வந்து சாவிய வாங்கிக்கங்க. அடுத்த பள்ளித் தவணை முடியுமட்டும் பாப்போம், நிக்கிறீங்களான்னு."

ஜீவராணி அன்றைக்கே குவைத்துக்குப் பேசினாள். டிக்கெட்டைக் கிழிக்கவில்லை. மூன்று மாதம் தள்ளிப்போட்டாள்.

கன்டீனில் சுதாகரன் நின்றான். ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். லயமே வாயில் கை வைத்தது. சாயங்காலம் குச்சிகளை அடுக்கிக் கயிற்றைக் கட்டிவிட்டால் விடியும்வரை பிரிட்ஜைத் தொடுவதில்லை. ஆனால் பரபரத்த கைக்கு இன்னொரு கதவு கிடைத்துவிட்டது. அலுமாரிக் கதவு. அதில் சேலைகளுக்கு அடியில் அவளுடைய பாஸ்போர்ட் இருந்தது. நாளுக்கு நாலு தரம் திறப்பான், இருக்கிறதா என்று பார்ப்பான், மூடுவான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு சாயங்காலம் திறந்தபோது அது அங்கே இல்லை. சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினான்.

"ஜீவா, பாஸ்போட்டு எங்க?"

"ஏங்க, நீங்க குவைத்து போகப் போறீங்களா?" குசினியிலிருந்து குரல் வந்தது.

"வெளையாடாத. எங்க வச்ச?" குசினி வாசலில் போய் நின்றான். அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மிலாறை ஒடித்துக்கொண்டிருந்தாள். "நீ போகாத ஜீவா" என்றான். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. "ஐஸுக்காகச் சொல்லல. நீ இல்லாத வீட்ல எனக்கு உக்கார முடியல."

அவள் ஒடிப்பதை நிறுத்தினாள்.

"இத அஞ்சு வருசத்துக்கு முந்திச் சொல்லியிருந்தீங்கன்னா நான் பொட்டியே கட்டியிருக்க மாட்டேன்."

அவன் குசினிக்குள் ஓரடி வைத்தான்.

"பாஸ்போட்டு பிரிட்ஜுக்குள்ளதான் இருக்கு, குச்சிக்கு அடியில, பொலித்தீன்ல சுத்தி" என்றாள். "கயிறு கட்டுனதுக்கப்புறம் நீங்க தொறக்காத எடம் அது ஒண்ணுதான், அதான் அவுத்து உள்ள வச்சேன். காலையில குச்சி எடுக்கிறப்ப எடுத்து, என்ன செய்யணுமோ நீங்களே செஞ்சுக்கங்க."

சுதாகரன் பிரிட்ஜைப் பார்த்தான். கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. கை தானாக முடிச்சுவரை போனது, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையை இறக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கட்டையை எடுத்து அடுப்பில் வைத்தான்.