தறிச் சத்தத்தில் பார்த்த நாடகம்

"நீ எம்மெஸ்ஸி படிச்சிருக்கலாஞ் சாமி. நாடகம் பாக்கறதுக்கு அது பத்தாது" என்று பெரியம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவள் நான். அதோடு நிற்காமல் சேலத்தில் விடுதியில் தங்கிக் கணிதத்தில் முதுகலையும் முடித்திருந்தேன். பெங்களூரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்து, சேருவதாகப் பதில் சொல்லவேண்டியதுதான் பாக்கி. அப்படிப்பட்டவளுக்கு டிவியில் வரும் ஒரு மத்தியான நாடகம் புரியாதாம்.

கோபம் ஒருபுறம் இருக்க, நிஜமாகவே புரியவில்லை.

மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டையும் ஒட்டி ஒரு விசைத்தறிப் பட்டறை இருக்கும். எங்கள் வீட்டில் முன்னறைக்கும் பட்டறைக்கும் நடுவே கதவு கிடையாது. தறியில் நிற்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி டிவியைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் தறி ஓட்டுவார்கள். அம்மாவின் அக்காவான பெரியம்மா, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சிகளில் நூல் சுற்றுவார். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. எதற்கு வீணாக என்று டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்துவிட்டார்கள். கரண்ட் போனால் தறி நிற்கும், டிவியும் கூடவே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு, நாடகத்துக்கும் லீவு. எங்கள் தறிகளை நிறுத்தினாலும் பக்கத்து வீட்டுத் தறிகள் நிற்காது. ஆக, வருஷக்கணக்காகப் பார்த்துவந்த அந்த நாடகத்தில் ஒரு வசனத்தைக்கூட இவர்கள் கேட்டதில்லை.

ஆனாலும் கதை தெரியும் என்பார்கள். பட்டறையில் பேச்செல்லாம் கையாலும் உதட்டாலும்தான். இழை அறுந்தது, டீ வந்தது, யார் வீட்டில் விசேஷம், எல்லாவற்றையும் ஒரு தறியிலிருந்து இன்னொரு தறிக்கு முகத்தாலேயே சொல்லிவிடுவார்கள். அதே கண்களால் நாடகத்தையும் பார்த்தார்கள். அறுந்த இழையை அம்மா முடிச்சுப் போடுகிற நேரத்தில் தவறவிட்டதைப் பெரியம்மா பார்த்திருப்பார். இருவரும் தவறவிட்டதை எதிர்வீட்டு அக்கா பார்த்திருப்பாள். சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே கதையாகிவிடும்.

அந்தக் கதைப்படி, அந்த வீட்டின் இளைய மருமகள் பொல்லாதவள். கண்ணாடி போட்டவள், படித்தவள், கைப்பையை மாட்டிக்கொண்டு அலுவலகம் போகிறவள். ஆசையோடு பால் குடிக்கப்போன மாமியாரின் கையிலிருந்து டம்ளரைத் தட்டிவிட்டவள். பட்டுப்புடவையும் பூவுமாக எப்போதும் சிரித்த முகத்தோடு நிற்கும் மூத்த மருமகள் பத்தரை மாற்றுத் தங்கம். தெருவே இப்படித்தான் சொன்னது.

யாரோ ஒருத்தியைத் தெரு திட்டிக்கொள்ளட்டும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் பெங்களூர் வேலையைப் பற்றிப் பேச்செடுத்த அன்று அம்மா, "அந்த வேலை வேண்டாங் கண்ணு" என்றாள். ஏன் என்று கேட்டேன். தாடையால் டிவியைக் காட்டினாள்.

"ஆபீசுக்குப் போறவ என்ன ஆட்டம் ஆடறா, பாக்கறீல்ல? உன்னைய அந்த மாதிரி ஆக்கி உட்டுட்டு, நாளைக்கு இன்னொரு ஊட்டுக்காரங்க முன்னால நாங்க எப்படி நிக்கறது?"

என்னைக் கல்லூரிக்கு அனுப்பச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரோடும் மல்லுக்கு நின்றவள் அம்மா. அந்த அம்மாவா இப்படிப் பேசுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் தூரம், பாஷை தெரியாது, தனியாக இருக்க வேண்டும் என்று எதையாவது சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பேன். யாரோ ஒரு நடிகை எதற்கோ ஒரு டம்ளரைத் தட்டிவிட்டதற்கு நான் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்? அப்பாவிடம் போனேன். "உங்கம்மா சொல்றதும் ஒரு பக்கம் செரிதான்" என்று சொல்லிவிட்டுத் தறிக்கு எண்ணெய் விடப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்குத்தான் நாடகம் பார்க்க ஆரம்பித்தேன். நூல் மூட்டைமேல் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் ஏன் அழுகிறாள், அவன் ஏன் முறைக்கிறான் என்று அவர் காதருகே போய்க் கேட்டுக்கொண்டே இருந்தேன். பெரியம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். இத்தனை படித்தும் ஒரு மூஞ்சியைப் பார்த்துச் சேதி சொல்லத் தெரியவில்லையே என்று தறியில் நின்ற அம்மாவுக்கு ஜாடை காட்டிச் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. செல்போனையும் இயர்போனையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், அந்த நாடகத்தின் பழைய பகுதிகளை ஒவ்வொன்றாகச் சத்தத்தோடு பார்த்தேன்.

கதை தலைகீழாக இருந்தது. அந்தப் பாலில் எதையோ கலந்தவளே பட்டுப்புடவை மருமகள்தான். சிரித்துக்கொண்டே அவள் பேசியது அத்தனையும் விஷம். சொன்னால் மாமியார் நம்பமாட்டார் என்று கண்ணாடிக்காரி டம்ளரைத் தட்டிவிட்டிருக்கிறாள். மாமியாரின் உயிரைக் காப்பாற்றியவளை எங்கள் தெரு இத்தனை காலமாகத் திட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அவள் கண்ணாடியும் கைப்பையும் போதுமானதாக இருந்திருக்கின்றன. எனக்கு நிம்மதி வரவில்லை. கோபம்தான் இன்னும் கூடியது.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு வேளையில் இருவரையும் மாடிக்கு அழைத்துப்போனேன். அம்மாவின் காதில் ஒன்று, பெரியம்மாவின் காதில் ஒன்று என்று இயர்போனை மாட்டி, அந்த டம்ளர் காட்சியைப் போட்டேன். பெரியம்மா இரண்டு தடவை போடச்சொல்லிப் பார்த்தார். "அட பாவத்த, சிரிச்சுச் சிரிச்சுக் கழுத்த அறுத்திருக்கறாளே" என்றார். டிவியில் வருவதற்கு முன்பே செல்போனில் வந்திருந்த அன்றைய பகுதியையும் அப்படியே போட்டேன். அதை நான் முன்பே பார்த்திருக்கவில்லை. அதில் கண்ணாடிக்காரி வேலையை விட்டுவிட்டு வந்து, குடும்ப நிம்மதிதான் தனக்குப் பெரிசு என்று அழுதபடி மாமியார் காலில் விழுந்தாள். மாமியார் பெரிய மனசோடு மன்னித்தார். செல்போனைத் தூக்கித் தெருவில் எறியலாம் போலிருந்தது. எதற்கு மன்னிப்பு?

"இப்பத்தான் புத்தி வந்திருக்குது அவளுக்கு" என்றார் பெரியம்மா.

"என்ன புத்தி?" அம்மா இயர்போனைக் கழற்றினாள். "உசுரக் காப்பாத்துனவ எதுக்கக்கா கால்ல உழுவோணும்? நாம பாத்த கதைல அவ கெட்டவளா இருந்தாலும், ஒருத்தர் கால்லயும் உழுவுல."

சரி, அம்மாவின் பிடி தளர்ந்துவிட்டது என்று நினைத்து, "அப்ப நான் வேலைக்குப் போகட்டுமாம்மா?" என்றேன்.

அம்மா எழுந்து சேலையை உதறினாள். "கதை வேற, ஊடு வேற கண்ணு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

என்னைத் தடுக்கவேண்டியபோது கதையும் வீடும் ஒன்றாக இருந்தன. கதை என் பக்கம் திரும்பியதும் வேறு வேறாகிவிட்டன. இவர்களுடைய சம்மதத்தைத் தர்க்கம் பேசி வாங்க முடியாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வசனத்தை ஒவ்வொன்றாகக் கேட்கவைத்தாலும் அடுத்த காரணம் ஒன்று தயாராக இருக்கும். பயம் அம்மாவுக்கு முன்பே இருந்தது. அதைச் சொல்ல ஒரு நாடகம் கிடைத்தது, அவ்வளவுதான். பயம் என்று சொல்லியிருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். படித்தவள் கெட்டுப்போவாள் என்று சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா அம்மா இருவரிடமும் சொல்லிவிட்டே, சேருகிறேன் என்று பதில் அனுப்பினேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு இது இரண்டாவது வாரம்.